மந்தையை வரைவதா, நடக்க விடுவதா, மேய்ப்பதா?

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து நடுகற்கள் பலவற்றுக்கு ஒரே கதைதான். மாடு பிடிக்க வந்தார்கள், ஒருவன் மறித்தான், மாடு மீண்டது, ஆள் செத்தான். கல்லில் வில்லோ வாளோ பிடித்த உருவம், உடம்பில் தைத்த அம்பு, சில கற்களில் காலடியில் மாடு, மேலே வட்டெழுத்தில் மன்னனின் ஆட்சியாண்டும் ஊரும் பேரும். நாலு வரியில் முடிகிற கதை. இதை எடுத்து விடுமுறை நாட்களில் காமிக்ஸ் போடலாமா, அனிமேஷன் பண்ணலாமா, கேம் செய்யலாமா என்று யோசிப்பவர் முதலில் எண்ண வேண்டியது மாடுகளைத்தான்.

மந்தை என்றால் பதினைந்து மாடாவது வேண்டும். காமிக்ஸில் மூன்று மாட்டை ஒழுங்காக வரைந்துவிட்டு மிச்சத்தைப் புழுதியில் மறைத்துவிடலாம். அனிமேஷனில் அந்த மூன்று மாட்டுக்கே பன்னிரண்டு கால், பன்னிரண்டும் நடக்க வேண்டும். கேமில் ஒரே ஒரு மாடு செய்தால் போதும், அதைப் பதினைந்தாக்குவது ஒரு வரி வேலை. ஆனால் அந்தப் பதினைந்தும் சொன்ன பேச்சு கேட்காது. எந்தத் தொல்லை நமக்குத் தாங்கும் என்று பார்த்துத்தான் மூன்றில் ஒன்றைப் பிடிக்க வேண்டும்.

ஓசூரில் ஷிஃப்ட் வேலையோ, கிருஷ்ணகிரியில் கடையோ, பாலக்கோட்டில் பள்ளி வேலையோ, வாரத்துக்கு ஆறு மணி நேரம் தேறும் என்று வைத்துக்கொள்வோம். சுமாரான லேப்டாப் ஒன்று, ஆண்ட்ராய்டு போன் ஒன்று, ஓரளவு வரையத் தெரிந்த கை. கீழே வரும் நேரக் கணக்கெல்லாம் புதிதாக இறங்குபவருக்கானது. கை பழகியவர் பாதியில் முடிப்பார்.

மூன்றுக்கும் பொதுவான ஒரு வேலையை முதலில் முடித்துவிடலாம்: மாட்டைப் பார்ப்பது. இணையத்தில் மாடு என்று தேடி முதலில் வரும் கறுப்பு வெள்ளைச் சீமை மாட்டை வைத்து வரைந்தால் இந்த ஊர்க்காரர் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார். பென்னாகரம் பக்கத்து இனம் ஆலம்பாடி. சாம்பல் நிறம், காளை என்றால் ஏறத்தாழக் கறுப்பு, புடைத்த நெற்றி, பின்னோக்கி வளைந்த கொம்பு. குந்தாரப்பள்ளி வாரச் சந்தைப் பக்கம் ஒரு நடை போய்ப் பக்கவாட்டில், முன்னால், பின்னால் என்று நாட்டு மாடுகளை நாற்பது படம் எடுத்துக்கொண்டால் போதும். வீரனுக்குத் தெருக்கூத்துக் கிரீடம் வைக்கிற ஆசையையும் அடக்கிக்கொள்ள வேண்டும். கல்லில் இருப்பவன் கொண்டை போட்ட மனிதன்.

காமிக்ஸ்: எட்டுப் பக்கம், அதற்கு மேல் வேண்டாம்

ஏ4 தாள் இரண்டை இருபுறமும் அச்சடித்து, நடுவில் மடித்து, மடிப்பில் இரண்டு பின் அடித்தால் ஏ5 அளவில் எட்டுப் பக்கம். பத்துப் பக்கம் என்று திட்டம் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். மடித்துப் பின் அடிக்கும் புத்தகம் நாலின் மடங்கில்தான் வரும், பத்துப் பக்கக் கதைக்குப் பின்னால் இரண்டு பக்கம் வெள்ளையாகத் தொங்கும்.

வெளித்தாளின் ஒரு முகத்தில் 8, 1 என்றும் மறுமுகத்தில் 2, 7 என்றும் பக்கங்கள் உட்காரும். உள்தாளில் 6, 3. மறுமுகத்தில் 4, 5. கதை சொல்பவர் இந்த வரிசையைப் படம் வரைவதற்கு முன்பே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மந்தை முழுவதும் திமுதிமுவென்று ஓடிவரும் அகலப் படம் 4-5இல்தான் வரலாம், ஏனென்றால் அந்த இரண்டு பக்கம் மட்டும்தான் ஒரே தாளின் ஒரே முகத்தில் சேர்ந்திருக்கிறது. 2-3இல் வைத்தால் பாதி மாடு ஒரு தாளில், மீதி வேறு தாளில். மடிப்பு ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் மாட்டின் முதுகு உடைந்து தெரியும். அதேபோல வாசகர் தாளைப் புரட்டிப் பார்ப்பது 2, 4, 6, 8 பக்கங்களை. அம்பு தைக்கிற கட்டத்தை 5இல் போட்டால் 4ஐப் படிக்கும்போதே ஓரக்கண்ணில் தெரிந்துவிடும். அதை 6இன் முதல் கட்டத்துக்குத் தள்ளுங்கள்.

வரைவது ஏ4இல், அச்சிடுவது ஏ5இல், அதாவது 71 சதவீதமாகச் சுருக்குவது நல்லது. சின்னச் சின்ன நடுக்கங்கள் சுருக்கத்தில் மறைந்துவிடும். ஒரு பக்கத்துக்குச் சிறுபடத் திட்டம் அரை மணி, பென்சில் மூன்று மணி, மை இரண்டு மணி, எழுத்து ஒரு மணி என்று போட்டால் எட்டுப் பக்கத்துக்கு 52 மணி. கதைக்கும் ஃபைல் வேலைக்கும் எட்டு மணி சேர்த்தால் அறுபது. வாரம் ஆறு மணி நேரத்தில் பத்து வாரம். மாட்டுக்கு இதில் பெரிய செலவில்லை. முன்னால் ஒரு முழு மாடு, பின்னால் இரண்டு பாதி மாடு, அதற்கும் பின்னால் கொம்பு முனைகள் மட்டும் ஒரு வரிசை, கீழே புழுதி. கண் மீதியைத் தானே எண்ணிக்கொள்ளும்.

காமிக்ஸில் காலை வாரிவிடுவது தமிழ் எழுத்து. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வரத் தொடங்கியதிலிருந்து நம் வாசகர்கள் பலூன் நிறைய வசனம் படித்துப் பழகியவர்கள்தான். ஆனாலும் ஏ5 பக்கத்தில் ஒரு பலூனுக்குப் பன்னிரண்டு சொல்லைத் தாண்டினால் மூச்சு முட்டும். தமிழ்ச் சொல் நீளம். ‘பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்’ என்ற ஒன்றே பலூனின் ஒரு வரியைத் தின்றுவிடும், அதை நடுவில் உடைத்து அடுத்த வரியில் போட்டால் படிக்க அசிங்கம். ‘புடிச்சிட்டாங்க’ என்று பேச்சு வழக்கில் எழுதினால் இடமும் மிச்சம், ஆளும் உயிரோடு இருப்பான். அச்சில் 9 பாயிண்ட் வர வேண்டும் என்றால் ஏ4 மூலத்தில் ஏறத்தாழ 12.7 பாயிண்ட் வைக்க வேண்டும். வரி இடைவெளி, எழுத்தளவில் 135 சதவீதமாவது இருக்கட்டும். அதைவிட நெருக்கினால் மேல் வரியின் உகர வால் கீழ் வரியின் புள்ளியில் இடிக்கும்.

ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் யூனிகோட் தமிழை அப்படியே ஒட்டினால் ‘கொடு’ என்ற சொல்லில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தெரிவை மாற்றினால் சரியாகும். அந்தத் தெரிவே இல்லாத பதிப்பென்றால் எழுத்தை மட்டும் இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் போடுங்கள், அதில் இந்தச் சிக்கல் இல்லை. கவிவனார், பலூ தம்பி, மீரா இனிமை, கேட்டமரான் எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைக்கும் எழுத்துருக்கள். வசனத்துக்குக் கவிவனாரின் கையெழுத்துச் சாய்வு பொருந்தும், ‘டமார்’களுக்குப் பலூ தம்பி. டிடிபி கடைகள் பலவற்றில் இன்னமும் பாமினி போன்ற பழைய குறியாக்கம்தான் ஓடுகிறது. அங்கே திருத்தக்கூடிய ஃபைலைக் கொடுத்தால் உங்கள் வசனம் கட்டம் கட்டமாக வரும். எழுத்துகளை வடிவமாக மாற்றி, பிடிஎஃப் ஆகக் கொடுத்துவிடுங்கள்.

அச்சுக்கு 100 ஜிஎஸ்எம் கனமுள்ள மேப்லித்தோ தாள். 70 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் தாளில் பின்பக்கத்துக் கறுப்பு முன்பக்கம் எட்டிப் பார்க்கும். கோட்டோவியத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். பத்து சதவீதச் சாம்பல் ஜெராக்ஸில் காணாமல் போகும், இருபத்தைந்துக்கு மேல் வையுங்கள், அல்லது கோடுகளாலேயே நிழல் போடுங்கள். இருபுற அச்சில் ‘குட்டை விளிம்பில் திருப்பு’ என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் பின்பக்கங்கள் தலைகீழாக வரும். கடைக்காரர் அவசரத்தில் இதைக் கவனிக்க மாட்டார். முதலில் ஒரே ஒரு பிரதி எடுத்து மடித்துப் பார்த்துவிட்டு மீதிக்குச் சொல்லுங்கள். ஐம்பது பிரதிக்கு ஆஃப்செட் கட்டுப்படியாகாது, டிஜிட்டல் போதும். தருமபுரி புத்தகத் திருவிழாவிலோ கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி சமயத்திலோ கையில் வைத்து விற்க அதுவே தாராளம்.

போனில் கீழ்நோக்கித் தள்ளிப் படிக்கும் வெப்டூன் வடிவம் வேண்டுமென்றால் 800 பிக்சல் அகலத்தில் தனியாக அமைக்க வேண்டும். அச்சுப் பக்கத்தை அப்படியே வெட்டிப் போட்டால் 4-5இல் ஓடிவந்த மந்தை நெருப்புப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிடும்.

அனிமேஷன்: முப்பது நொடிக்கு எத்தனை கால்?

நொடிக்கு 24 ஃப்ரேம். ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தினால் நொடிக்கு 12 படம், முப்பது நொடிக்கு 360. ஒரு படத்துக்குப் பதினைந்து நிமிடம் என்றாலும் தொண்ணூறு மணி நேரம், அதுவும் ஒரே ஒரு ஆள் மட்டும் திரையில் இருந்தால். நிறம், பின்னணி, ஒலி எல்லாம் தனி. இதில் மாட்டை நடக்க விட்டால் கணக்கே வேறு. மாடு நடக்கையில் இடது பின்கால், இடது முன்கால், வலது பின்கால், வலது முன்கால் என்று நாலு தாளத்தில் அடி வைக்கும். இரண்டு கால் நடையைப் பிடிக்கவே ஒரு மாதம் ஆகும் கைக்கு இது நரகம். கிரிட்டா, ஓப்பன்டூன்ஸ், பிளெண்டரின் கிரீஸ் பென்சில் எல்லாமே இலவசம்தான், நல்ல கருவிகள்தான். அவை கால்களைக் குறைத்துத் தருவதில்லை. படம் படமாக வரையும் அனிமேஷனை முதல் வேலையாக எடுக்க வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

ஆனால் நிழல்வெட்டு முறை ஒன்று இருக்கிறது. தோல்பாவைக் கூத்து பார்த்தவர்களுக்கு அதன் அழகு தெரியும். 300 ஜிஎஸ்எம் கறுப்பு அட்டையில் பதினைந்து சென்டிமீட்டர் நீள மாடு மூன்று வெட்டிக்கொள்ளுங்கள். உடல், தலை, நாலு தொடை, நாலு கீழ்க்கால், வால் எல்லாம் தனித்தனித் துண்டு. மூட்டில் ஊசியால் ஓட்டை போட்டு நூலைக் கோத்து இருபுறமும் முடிச்சு. முடிச்சு இறுக்கமாக இருக்க வேண்டும், தளர்ந்தால் தொட்டதுமே கால் தொங்கிவிடும். இரண்டு பக்கம் செங்கல் அடுக்கி அதன்மேல் கண்ணாடி, கண்ணாடிமேல் பட்டர் பேப்பர், அடியில் எல்இடி பல்பு, மேலே நேர்கீழாகப் பார்க்கும்படி போன். பல்பு கண்ணாடிக்கு ஓரடி கீழே இருக்கட்டும், ஒட்டி வைத்தால் நடுவில் மட்டும் வெளிச்சத் திட்டு விழும்.

நொடிக்கு 12 படம் என்றால் இதிலும் 360 படம்தான், ஆனால் ஒவ்வொன்றும் வரைவதில்லை, நகர்த்துவது. ஒரு நாள் உட்கார்ந்தால் நூறு படம் எடுத்துவிடலாம். மூன்று மாட்டையும் ஒரே காலில் தொடங்கினால் என்சிசி அணிவகுப்பு மாதிரி இருக்கும். பன்னிரண்டு படத்தில் ஒரு முழு நடை என்றால் இரண்டாம் மாட்டை நாலு படம் தள்ளியும் மூன்றாவதை எட்டுப் படம் தள்ளியும் தொடங்குங்கள். மந்தையின் மீதியை மூட்டே இல்லாத கொம்பு வரிசையாக ஒரே அட்டையில் வெட்டி, மெல்ல மேலும் கீழும் ஆட்டினால் போதும்.

நிழல்வெட்டில் கெட்டுப்போவது பெரும்பாலும் படப்பிடிப்பில்தான். போன் தானாக வெளிச்சத்தையும் ஃபோகஸையும் வெள்ளைச் சமநிலையையும் மாற்றிக்கொண்டே இருந்தால் படம் பளிச் பளிச்சென்று துடிக்கும், மூன்றையும் பூட்டுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடி நொடிக்கு நூறு முறை மினுக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்தால் திரையில் கோடு ஓடாது. போனைத் தொட்டுப் படம் எடுத்தால் ஒவ்வொரு முறையும் ஒரு மயிரிழை நகரும், புளூடூத் ரிமோட்டோ இயர்போனின் ஒலி பட்டனோ பயன்படுத்துங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு குனியாதீர்கள், அதன் பிரதிபலிப்பு கண்ணாடியில் விழும். ஒரு ஷாட்டை ஒரே உட்காரலில் முடித்துவிட வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பைப் பார்க்காமல் உட்கார்ந்து நாற்பதாவது படத்தில் கரண்ட் போனால், வந்த பிறகு பல்பும் அட்டையும் அதே இடத்தில் இருக்கும், நம் கை நடையின் தாளத்தை மறந்திருக்கும்.

வசனம் வேண்டாம். உதட்டசைவு என்று இறங்கினால் ஆகாரத்துக்குத் திறந்த வாய், ஓகாரத்துக்குக் குவிந்த வாய், மகரப் பகரத்துக்கு மூடிய வாய் என்று ஆறேழு வாய் வெட்ட வேண்டும், நிழலில் அதில் பாதி தெரியவே தெரியாது. நிஜமான மாட்டு மணிச் சத்தத்தைப் போனில் பதிவு செய்து அடியில் ஓட விட்டால் அந்த வீடியோ பாதிப் பிழைத்துவிடும். எல்லாம் சேர்த்து நாற்பத்தைந்து முதல் ஐம்பது மணி நேரம். காமிக்ஸைவிடக் குறைவாகத் தெரிகிறது, ஆனால் அரை மணி அரை மணியாகப் பிரித்துச் செய்ய முடியாத வேலை இது. தொடர்ந்து நாலைந்து மணி நேரம் கிடைக்கும் ஞாயிறுகள் இருந்தால் மட்டும்.

கேம்: பதினைந்து மாடும் ஒரே வரியும்

கேம் செய்யும் மென்பொருளான கோடோ எஞ்சின் இலவசம். நிரலே எழுத வராது என்பவர்களுக்கு ஜிடெவலப். மந்தை நடத்தைக்குப் பழைய வழி ஒன்று உண்டு. கிரெய்க் ரேனால்ட்ஸ் 1987இல் வெளியிட்ட ‘பாய்ட்ஸ்’ முறையில் மூன்றே விதி: பக்கத்து மாட்டை இடிக்காதே, பக்கத்து மாடு போகும் திசையில் போ, கூட்டத்தின் நடுவை நோக்கி நகர். நாலாவதாக நம் விதி ஒன்று: ஆள் கிட்டே வந்தால் விலகு. திரை 640 × 360 பிக்சல், மாடு 32 பிக்சல், ஆளைக் கண்டு மிரளும் தூரம் 96, ஒன்றோடொன்று விலகும் தூரம் 24, மாட்டின் வேகம் நொடிக்கு 80, ஆளின் வேகம் 110. இந்த எண்களோடு தொடங்கித் திருத்திக்கொள்ளலாம். ஆள் மாட்டைவிட மெதுவாகப் போனால் மடக்கவே முடியாது, இரண்டு மடங்கு வேகமாகப் போனால் விளையாட்டே இல்லை.

படம் வரையும் வேலை சொற்பம். நாலு திசைக்கு நாலு நாலு படம், இடதைத் திருப்பிப் போட்டால் வலது, ஆக ஒரு மாட்டுக்குப் பன்னிரண்டே படம். பிறகு ஆரம்பிக்கும் கூத்து. இரண்டு மாடு மிகச் சரியாக ஒரே புள்ளியில் நின்றால் தூரம் பூஜ்யம், பூஜ்யத்தால் வகுத்ததும் மாடு திரையிலிருந்தே மறைந்துவிடும். பிறக்கும்போதே இரண்டு மூன்று பிக்சல் சிதறவிட்டு, தூரம் பூஜ்யமானால் வகுக்காமல் தாண்டிப் போங்கள். மூலையில் மாட்டிய மாடு சுவருக்கும் ஆளுக்கும் நடுவில் நடுங்கிக்கொண்டே நிற்கும், ஓரத்திலிருந்து 32 பிக்சலுக்குள் வந்ததுமே உள்பக்கம் தள்ளும் விசை ஒன்று சேருங்கள். கோடோ 4இல் நகர்த்தும் செயல்பாடு நேரக் கணக்கைத் தானே சேர்த்துக்கொள்கிறது. பழைய பாடத்தைப் பார்த்து நீங்களும் வேகத்தை ஃப்ரேம் நேரத்தால் ஒருமுறை பெருக்கினால் மாடு நத்தையாகிவிடும், காரணம் தெரியாமல் இரண்டு நாள் போகும்.

தமிழுக்கு கோடோ 4 சரிப்படும், 3 சரிப்படாது, அதில் கொம்பும் காலும் இடம் மாறும். இன்னொரு கேம் எஞ்சினான யூனிட்டியில் எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் புரோவிலும் அதே தலைவலி. கோடோ 4இல்கூடத் தமிழ் எழுத்துருவை நீங்களே சேர்க்க வேண்டும். சேர்க்காமலே லேப்டாப்பில் சரியாகத் தெரியும், ஏனென்றால் அது கணினியின் எழுத்துருவை எடுத்துக்கொள்கிறது. பிரவுசருக்கு ஏற்றியதும் எழுத்தெல்லாம் வெற்றுக் கட்டமாகும்.

இந்தக் கதைக்கு கேமில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. நாயகன் சாக வேண்டும். ஜெயித்தவன் செத்துப்போவதைப் பார்த்து ஆடுபவர் கோபப்படுவார். தைக்கும் ஒவ்வோர் அம்புக்கும் ஆளின் வேகத்தை பத்து பத்தாகக் குறைத்து, கடைசியில் மீட்ட மாடுகளின் எண்ணிக்கை நடுகல்லில் பொறிக்கப்படுவதாக முடித்தால் ஓரளவு சமாளிக்கலாம். மூன்று அம்பிலேயே வேகம் மாட்டுக்குச் சமமாகிவிடும், ஆகவே மந்தையில் பெரும்பகுதி அதற்குள் தொழுவத்துக்குப் போயிருக்கும்படி நேரத்தை அமைக்க வேண்டும். இதைக் கணினிக்கு முன்னால் தாளில் ஆடிப் பாருங்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு, 23 புள்ளி என்று தரையில் கோடு கிழித்து ஆடும் ஆடு புலி ஆட்டத்தின் பலகையே போதும். புளியங்கொட்டையை மாடாக வைத்து நாலு பேரை ஆடவிட்டால், விதியில் ஓட்டை எங்கே என்று ஒரு மாலையில் தெரிந்துவிடும்.

நேரம் எழுபது மணிக்குக் குறையாது, அதில் பாதி பிழை தேடுவதற்கு. கேம்களைப் பகிரும் இட்ச் தளத்தில் காசில்லாமல் ஏற்றலாம். கூகுள் பிளே என்றால் ஒருமுறைக் கட்டணம் 25 டாலர், 2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்குக்கு 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனை செய்ய வேண்டும். கணினி கேம்களின் கடையான ஸ்டீமில் ஒரு கேமுக்கு 100 டாலர். முதல் வேலைக்கு இட்ச் போதும்.

அப்படியானால் எது?

வரையத் தெரிந்து, நேரம் துண்டு துண்டாகக் கிடைப்பவருக்குக் காமிக்ஸ். பாதியில் விட்டாலும் முடித்த பக்கங்கள் கையில் இருக்கும். பாதியில் நின்ற கேம் யாருக்கும் காட்ட முடியாத ஒன்று. நிரல் எழுதிப் பழகியவர், ஒரே பிழையை மூன்று வாரம் துரத்தச் சலிக்காதவர் கேமுக்குப் போகலாம், வரைய வராதது அங்கே பெரிய குறையில்லை. கத்தரியும் பொறுமையும் உள்ளவருக்கு நிழல்வெட்டு. இரண்டு பேர் சேர்ந்தால், ஒருவர் வரைந்து ஒருவர் நிரல் எழுதும் கேம் நன்றாக ஓடும். இரண்டு பேர் சேர்ந்து வரையும் காமிக்ஸில் மாட்டின் கொம்பு பக்கத்துக்குப் பக்கம் மாறும்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் நிறைய. அவர்களுக்கும் போக வேண்டுமென்றால் வசனமில்லாத நிழல்வெட்டுக்குத் தலைப்பு அட்டை மாற்றினால் தீர்ந்தது. கேமில் மொழிக்கு ஒரு நெடுவரிசையாகச் சிஎஸ்வி அட்டவணை வைத்துவிட்டால் கோடோ பார்த்துக்கொள்ளும். காமிக்ஸில் வசனத்தைத் தனி லேயரில் வைத்து, பலூனில் நாலில் ஒரு பங்கு காலியிடம் விட்டிருக்க வேண்டும். படத்தோடு ஒட்டவைத்துவிட்டால் எட்டுப் பக்கத்தையும் சுரண்ட வேண்டியதுதான்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் அந்த ஒரு ஆலம்பாடி மாட்டைப் பக்கவாட்டில், பெரிதாக, 3000 பிக்சல் அகலத்தில் வரைந்துகொள்ளுங்கள். உடல், தலை, கொம்பு, நாலு தொடை, நாலு கீழ்க்கால், வால் ஒவ்வொன்றும் தனி லேயரில், மூட்டுப் பகுதி ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறியிருக்கும்படி. பிஎன்ஜியாக எடுத்து அட்டையில் அச்சடித்தால் நிழல்வெட்டு மாடு, 32 பிக்சலுக்குச் சுருக்கி ஓரங்களைக் கையால் திருத்தினால் கேமில் பக்கவாட்டு மாடு, அப்படியே ஒட்டினால் காமிக்ஸின் முதல் பக்கத்து மாடு.